கண்ணாடிக்குள் ஒரு கடல்: ஆறு வாரக் காத்திருப்பின் வரலாறு

மீன் வளர்ப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டி வாங்கினோம், தண்ணீர் ஊற்றினோம், மீனை விட்டோம், அவ்வளவுதான் என்பார்கள். (அந்த மீன் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்!) கடல் மீன் தொட்டியில் இந்த அவசரம் செல்லவே செல்லாது. நேர்மையான கடைக்காரராக இருந்தால் தொட்டியை இன்று விற்பார், மீனுக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்வார். தண்ணீர் இருக்கிறது, உப்பு இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மீன் மட்டும் இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் இதை "சைக்கிளிங்" என்கிறார்கள்.

அந்த ஆறு வாரமும் வெறும் தண்ணீருக்குள் என்னதான் நடக்கிறது? இதற்கு முழுப் பதில் கிடைக்க மனிதர்களுக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதில் ஒரு முக்கியமான பகுதி ஒரு மீன் தொட்டியின் அடியிலேயே கிடந்தது என்பதுதான் வேடிக்கை.

காத்திருப்பு எதற்காக?

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மீன் சாப்பிடும் புரதத்தில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வருகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் இது ஒரு பிரச்சினையே இல்லை, அவ்வளவு தண்ணீரில் கரைந்து காணாமல் போய்விடும். நூறு லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அங்கேயே சேரும். மீன் தன் கழிவிலேயே விஷமேறிச் சாகும்.

கடல்நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, அதிகத் தீங்கு செய்யாத அம்மோனியம் அயனி. மற்றது, செவுளைத் தாண்டி உடம்புக்குள் புகுந்துவிடும் அம்மோனியா மூலக்கூறு. தண்ணீரின் பி.எச். ஒரு எண் ஏறினால் இந்த இரண்டாவது வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை. ஆகவே பி.எச். 7 உள்ள நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா, கடல்நீர்த் தொட்டியில் அதைக் கொன்றுவிடலாம்.

காப்பாற்றுவது யார்? கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் விஷம் மிகக் குறைவு. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் சமாளித்துவிடலாம். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் ரொம்ப நிதானமானவை. குடலில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால் புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபிறகுதான் மீன்.

இன்று பரிசோதனைக் குப்பியில் நான்கு சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். ஆரம்பித்தவர்களுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை.

மெசினாவின் தையற்காரப் பெண்

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முறையாக ஆராய்ந்த முதல் மனிதர்களில் ஒருவர் ழான் வில்லப்ரூ-பவர். 1794-ல் பிரான்ஸின் ழுய்யாக் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸில் தையல் வேலை பார்த்தார். ஒரு இளவரசியின் திருமண உடைக்கு எம்பிராய்டரி செய்து பெயர் வாங்கினார். 1818-ல் ஆங்கில வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்குக் குடிபோனார். அங்கே கடல் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போது விஞ்ஞானிகளிடையே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை உயிரி மெல்லிய ஓடு ஒன்றுக்குள் வாழ்கிறது. அந்த ஓட்டை அதுவே உண்டாக்குகிறதா, அல்லது துறவி நண்டு மாதிரி வேறு யாருடையதையோ எடுத்துக்கொள்கிறதா? செத்த உடலை எத்தனை முறை அறுத்துப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1832 வாக்கில் ழான் அதற்கென்றே கண்ணாடித் தொட்டிகளும், கடலுக்குள் இறக்கி வைக்கும் கூண்டுகளும் செய்துகொண்டார். ஆர்கோனாட் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறது, உடைந்தால் தானே ஒட்டுப்போட்டுக்கொள்கிறது என்று காட்டினார். விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் பின்னால் அக்வேரியத்தைக் கண்டுபிடித்த பெருமையை இவருக்கே கொடுத்தார்.

ஆனால் ழானின் வீடு கடலோரத்தில் இருந்தது. புதுத் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கடலே இல்லாத ஊரில் என்ன செய்வது?

ஜன்னலோரம் ஊற்றிய தண்ணீர்

1846-ல் ஆனா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையில் உயிருள்ள கல் பவளங்களைப் பார்த்து மயங்கிப்போனார். அவற்றைக் கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடித் தண்ணீரில் போட்டு லண்டனுக்கே கொண்டு வந்துவிட்டார். ஆரம்பத்தில் கடல்நீரை வரவழைத்து மாற்றினார். அது தொடர்ந்து முடியாமல் போனபோது, இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற ஏற்பாடு செய்தார். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குத் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் இதே வேலை! அடுத்த வருடம் கடற்பாசியையும் சேர்த்தார். அவருடைய பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருடம் உயிரோடு இருந்தன.

ஊற்றியபோது காற்று கலந்தது என்பது உண்மைதான். ஆனால் மூன்று வருடம் ஒரே பாத்திரங்களில், பாசியும் பஞ்சும் உள்ள தண்ணீரில் வேறு யாரோவும் குடியேறியிருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியவில்லை.

வேதியியலாளரின் சமன்பாடு

அடுத்து வந்தவர் ராபர்ட் வாரிங்டன், லண்டன் வேதியியலாளர். 1849-ல் ஒரு தொட்டியில் தங்க மீன்களையும் நீர்ச்செடிகளையும் வைத்தார். அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தபோது அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டார். தொட்டி நிலைத்தது. செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு செடிக்கு, மிச்சம் மீதி நத்தைக்கு. இந்தக் கணக்கை 1850-ல் கெமிக்கல் சொசைட்டியில் வெளியிட்டார். பிறகு கடல்நீரிலும் இதையே செய்து பார்த்தார். "சமநிலைத் தொட்டி" என்ற கருத்து பிறந்தது. கணக்கில் தப்பில்லை, ஒரு வரி விடுபட்டிருந்தது. அம்மோனியாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற வரி.

இந்தக் கருத்தை மக்களிடம் கொண்டுபோனவர் பிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் உலகின் முதல் பொது அக்வேரியம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1854-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே "அக்வேரியம்" என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது.

காஸ் செய்த இன்னொரு காரியம் இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். கடலுக்குப் போக முடியாதவர்களுக்காக அவர் செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நான்கே பொருட்கள். கலந்த உடனே உயிர்களை விடவில்லை. முதலில் கடற்பாசி ஒட்டிய கற்களைப் போட்டு, சில நாள் விட்டுவைத்து, அப்புறம்தான் உயிரினங்களை விட்டார். பாசி தண்ணீரைப் பக்குவப்படுத்தும் என்பது அவருடைய எண்ணம். கல்லோடு கல்லாகக் கண்ணுக்குத் தெரியாதவையும் தொட்டிக்குள் போயின. இன்றைய சைக்கிளிங்கின் முதல் பிரதி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மோகமும் வெறுமையும்

பிரிட்டனில் 1845-ல் கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்தது. கண்ணாடி மலிவானது. ரயில் கடற்கரைக்குப் போனது. 1850-களில் நடுத்தர வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் கடல் சாமந்தியும் நண்டும் தொட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நாளில் பெரும்பாலான தொட்டிகள் நாற்றமெடுத்தன. செத்ததைக் கொட்டிவிட்டு மறுபடி கடற்கரைக்குப் போனார்கள்.

விளைவு என்ன தெரியுமா? பாறைக் குட்டைகள் காலியாயின. காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியிட்ட தன் நினைவு நூலில், தன் தந்தையின் புத்தகங்களால் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் அந்தக் கரையின் அழகையே சூறையாடிவிட்டதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்த புத்தகம் கடற்கரையைக் காலி செய்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தொட்டி ஏன் சாகிறது என்று தெரியாமல் இருந்ததற்குக் கடற்கரை விலை கொடுத்தது. 1860-களில் மோகம் அடங்கிவிட்டது.

இருட்டுக்குள் ஒரு ரகசியம்

தாக்குப்பிடித்தவர் ஒருவர் உண்டு. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். லண்டனில் அக்வேரியக் கடை வைத்திருந்தவர். பிறகு ஹாம்பர்க் அக்வேரியத்தையும் (1864), லண்டன் கிறிஸ்டல் பேலஸ் அக்வேரியத்தையும் (1871) உருவாக்கினார். பார்வையாளர்கள் பார்க்கும் தொட்டிகளுக்குக் கீழே அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டுவது அவருடைய முறை. பம்ப் இடைவிடாமல் ஓடி, தண்ணீரை மேலும் கீழும் சுற்றவைக்கும். தண்ணீரைக் கொட்டவே கூடாது, அதே தண்ணீர் வருடக்கணக்கில் சுற்ற வேண்டும் என்றார். ஆக்சிஜன் அழுக்கை எரித்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இன்று பார்த்தால், நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ ஏராளமான இடத்தை அவர் அறியாமலே கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று புரிகிறது. இன்றைய கடல்நீர்த் தொட்டிகளுக்குக் கீழே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் "சம்ப்" தொட்டி லாயிட்டின் நீர்த்தேக்கத்தின் பேரன்தான்.

பொது அக்வேரியங்கள் உலகமெங்கும் பரவின. சென்னைக்கும் ஒன்று வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909-ல் மெரினாவில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

இருபது நாள்

இனி கதை மீனை விட்டுவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது. 1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடைத் தண்ணீரை மெல்ல இறங்கவிட்டார்கள். இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு திடீரென்று நைட்ரேட் வரத் தொடங்கியது. இது வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே! குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. மண்ணைக் கழுவிய நீரைச் சேர்த்தபோது மறுபடி தொடங்கியது. வேலையைச் செய்தவை உயிருள்ளவை என்பது நிரூபணமானது. அந்த இருபது நாள் தாமதம்தான் புதுத் தொட்டிக்காரர்கள் இன்று காத்திருக்கும் தாமதம்.

இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் வருடக்கணக்கில் உழைத்தார். மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது, இரண்டுக்கும் வெவ்வேறு உயிரிகள் காரணம் என்பதைக் காட்டினார். ஆனால் அந்த உயிரிகளைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்! சமநிலைத் தொட்டி செய்த வாரிங்டனின் மகன். தந்தையின் கணக்கில் விடுபட்ட வரியை மகன் வயல் மண்ணில் தேடிக்கொண்டிருந்தார்.

பிரித்தெடுத்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி, சூரிச் நகரில், 1890 வாக்கில். மற்ற பாக்டீரியாக்களுக்குப் பிடித்த உணவு எதையும் இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை அவர் புரிந்துகொண்டார். வெறும் உப்புகளும் அம்மோனியாவும் உள்ள கரைசலில் அவை வளர்ந்தன. சூரிய ஒளி இல்லாமல், அம்மோனியாவை எரித்தே உயிர்வாழும் ஜீவன்கள்!

தொட்டிக்குத் திரும்பிய அறிவு

இவ்வளவும் 1890-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மண் விஞ்ஞானம் ஒரு அலமாரியிலும், மீன் வளர்ப்பு இன்னொரு அலமாரியிலும் கிடந்தன. பல பத்தாண்டுகளுக்கு மீன் வளர்த்தவர்கள் தொட்டியைச் சுத்தமாகக் கழுவினால் மீன் பிழைக்கும் என்றே நம்பினார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவியபோதெல்லாம் காவல்காரர்களையும் சேர்த்தே சாக்கடையில் கொட்டினார்கள்.

1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கடலிலிருந்து உயிருள்ள பாறைகளையும் பவளத்தையும் அப்படியே தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டார். தொட்டி செழித்தது. அவர் 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதியதைப் படித்தவர்களில் பலருக்கு அவரைப் போல் செய்ய முடியவில்லை. 1964-ல் அமெரிக்காவில் இன்ஸ்டன்ட் ஓஷன் என்ற உப்புக் கலவை வந்தது. கடல் இல்லாத ஊரிலும் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்தால் கடல்நீர் தயார். 1970-ல் ஸ்டீஃபன் ஸ்பாட் எழுதிய மூடிய தொட்டிகளின் நீர் மேலாண்மை பற்றிய நூல், உயிரியல் வடிகட்டலை மீன் வளர்ப்பின் மையத்தில் வைத்தது. வினோகிராட்ஸ்கியின் உயிரிகள் ஒருவழியாக மீன் தொட்டிக்கு வந்து சேர்ந்தன.

இதில் ஒரு கசப்பும் இருந்தது. சைக்கிளிங்கைத் தொடங்க அம்மோனியா வேண்டுமே? டாம்செல் போன்ற தாக்குப்பிடிக்கும் மீன்களை முதலில் விட்டார்கள். செத்தால் போகட்டும் என்று! இன்று அதற்கு அவசியமே இல்லை. ஒரு துண்டு இறால், அல்லது அளந்து விட்ட அம்மோனியம் குளோரைடு போதும்.

தொட்டியே பதில் சொன்னது

பாடப்புத்தகங்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவந்தன. தொட்டியில் உண்மையிலேயே இருப்பவை அவைதானா என்று டிமதி ஹோவனெக் குழுவினர் மரபணுச் சோதனையால் பார்த்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியா என்று 1998-ல் வெளியிட்டார்கள்.

2005-ல் அதைவிடப் பெரிய செய்தி. அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில் இருந்த வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்தது. அம்மோனியாவை உண்டு வாழ்கிறது. நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். நீளம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதன் உறவினங்கள் உலகக் கடல்களிலேயே மிக ஏராளமாக உள்ள நுண்ணுயிர்களில் சேர்ந்தவை. கடலைத் தொட்டிக்குள் அடைக்கத் தொடங்கி நூற்றைம்பது வருடம் கழித்து, கடலே எப்படி இயங்குகிறது என்பதைத் தொட்டி சொல்லிக்கொடுத்தது!

2015-ல் வினோகிராட்ஸ்கி காலத்து இன்னொரு நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. இரண்டு படிகளையும் ஒரே உயிரி செய்யும் என்பதை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அந்த உயிரி கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியில்.

இனி புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குப்பியில் அடைத்த நுண்ணுயிர்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பழைய தொட்டியிலிருந்து ஒரு கல்லை வாங்கிப் போட்டாலும் காலம் குறையும். ஆனால் கடலிலிருந்து உயிருள்ள பாறையைப் பெயர்த்து வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவே பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. 2001 முதல் இந்தியாவில் எல்லாக் கல் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விக்டோரியா காலத்து வரவேற்பறைக்காக இங்கிலாந்தின் பாறைக் குட்டைகள் காலியான கதை நம் கரையில் நடக்க வேண்டாம்.

உலர்ந்த கல், கலந்த உப்பு, ஒரு துண்டு இறால், ஒரு பரிசோதனைக் குப்பி. பிறகு நான்கு முதல் ஆறு வாரம். ஆனா தின்னுக்கும் காஸுக்கும் கிடைக்காத ஒன்று இன்றைக்குப் புதிதாகத் தொட்டி வைப்பவருக்குக் கையில் இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.